வேற்று நாட்டுச் சாலையில் மிஷனரியின் வண்டி

வெளிநாட்டில் ஊழியம் செய்யப் போகும் மிஷனரி அங்கே வண்டி ஓட்டப் பழகுவது ஓர் அலுவலகக் காரியம் போலத்தான் பேசப்படுகிறது. விசா, தடுப்பூசி, மொழி வகுப்பு, பிறகு லைசென்ஸ் என்று பட்டியலில் அது ஒரு வரி. கிறிஸ்தவச் சிந்தனையில் வெகுகாலமாகத் தீராமல் கிடக்கும் கேள்வி ஒன்று அந்த வரிக்குள் ஒளிந்திருக்கிறது. கடவுள் காப்பார் என்று நம்புகிறவர் எவ்வளவு தூரம் துணியலாம்? துணிச்சல் பொய்த்துப்போனால் அடிபடுவது யார்? பிரசங்க மேடையில் இதற்குப் பதில் சொல்வது சுலபம். இடப்பக்கம் இரண்டு மோட்டார் சைக்கிள், வலப்பக்கம் மினிபஸ், எதிரே தலைச்சுமையோடு சாலையைக் கடக்கும் பெண் என்று இருக்கையில் பதில் வலது காலில்தான் இருக்கிறது. உகாண்டாவின் தலைநகரான கம்பாலா இந்தக் கேள்வியைப் பார்க்க ஏற்ற ஊர். மிஷனரிகள் வந்துபோகத் தொடங்கி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆன ஊர் அது; புதிதாக வந்தவரை முதல் நாளே மிரள வைக்கும் போக்குவரத்தும் அங்கே உண்டு.

உகாண்டா மிஷன் வரலாறே சாலையில் தொடங்கியதுதான். ஆங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். அமைப்பு அனுப்பிய முதல் குழு 1877-ல், இன்றைய உகாண்டாவுக்குள் அடங்கும் புகாண்டா நாட்டின் அரசவையை அடைந்தது. அந்தக் குழுவில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் மக்காய் படிப்பால் பொறியாளர். நோய்வாய்ப்பட்டுக் கடற்கரையிலேயே தங்க நேர்ந்த அவர், இன்றைய தான்சானியாவின் கரையோரச் சாடானியிலிருந்து உள்நாட்டு ம்ப்வாப்வா வரை சுமார் 370 கிலோமீட்டருக்குக் காட்டை வெட்டிப் பாதை போட்டார். மாட்டு வண்டி போகட்டும் என்று போட்ட பாதை. ட்செட்சி ஈ கடித்து மாடுகள் மாண்டன. வண்டி யோசனை அதோடு படுத்துவிட்டது. மக்காய் 1878-ல்தான் புகாண்டா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கர்தினால் லாவிஜெரி 1868-ல் அல்ஜியர்ஸில் நிறுவிய 'வெள்ளைக் குருக்கள்' சபையைச் சேர்ந்த சிமியோன் லூர்தெல் விக்டோரியா ஏரியைத் தோணியில் கடந்து என்டெபெயில் இறங்கினார்.

இதே வரலாற்றில் 1885-ன் நிகழ்ச்சி ஒன்று இங்கே கூர்ந்து பார்க்கத் தக்கது. கிழக்குப் பூமத்தியரேகை ஆப்பிரிக்காவின் முதல் ஆங்கிலிக்கன் ஆயராக நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் ஹானிங்டன், வழக்கமான தெற்குப் பாதையை விட்டு, மாசாய் நிலத்தின் வழியே கிழக்கிலிருந்து புகாண்டாவுக்குப் போக முடிவு செய்தார். வரைபடத்தைப் பார்த்தால் அது நியாயமான முடிவு: தூரம் குறைவு, காற்றும் நல்ல காற்று. புகாண்டா அரசவையிலோ, நாட்டை விழுங்க வருகிறவர்கள் புசோகாவின் பக்கமிருந்து, கிழக்கு வாசல் வழியாகத்தான் வருவார்கள் என்ற அச்சம் இருந்தது. அவையின் மனநிலையை அறிந்திருந்த மக்காய் எச்சரிக்கை அனுப்பினார். அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அக்டோபர் 29 அன்று மன்னர் முவாங்காவின் ஆணைப்படி ஹானிங்டன் புசோகாவில் கொல்லப்பட்டார். உடன் சென்ற ஏறக்குறைய ஐம்பது சுமைதூக்கிகளில் தப்பியவர்கள் மிகச் சிலர். ஆங்கிலிக்கன் நாட்காட்டியில் அந்த நாள் ஆயரின் நினைவு நாள். சில நாட்காட்டிகளில் தோழர்கள் என்ற ஒற்றைச் சொல்லில் சுமைதூக்கிகள் அடங்கிவிடுகிறார்கள். ஆயர் தம் உயிரைப் பணயம் வைத்ததில் இறையியல் குறை காண முடியாது. ஒரு பாதை ஊராருக்கு என்ன பொருள் தருகிறது என்று தெரியாமல் அதில் இறங்கியபோது மற்றவர்களின் உயிரும் சேர்ந்தே பணயமானது. மோட்டார் வண்டி வந்தபிறகு இந்தக் கணக்கு மாறவில்லை, வேகம்தான் கூடியது.

வண்டி மிஷனுக்குள் வந்த கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜெர்மானியக் குரு பவுல் ஷூல்ட்டெயின் நண்பரான ஓட்டோ ஃபூர்மான் தென்மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவில், நோயுற்றபோது மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் கொண்டுபோக வாகனம் இல்லாமல் இறந்தார். அந்தத் துக்கத்தில் ஷூல்ட்டெ 1927-ல் தொடங்கிய மிவா என்ற அமைப்பு, மிஷன் நிலையங்களுக்குக் கார், படகு, விமானம் வாங்கிக் கொடுப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டது. ஆஸ்திரியக் கிளை இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும், பயணிகளின் காவலரான புனித கிறிஸ்தோபர் திருநாளையொட்டி, விபத்தில்லாமல் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று ஓட்டுநர்களிடம் காணிக்கை கேட்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பத்து யூரோ. பத்திரமாக வீடு சேர்ந்த நன்றி இன்னொருவருக்கு வண்டியாகப் போய்ச் சேரும் ஏற்பாடு இது; கார் கண்ணாடியில் படம் ஒட்டுவதைவிட உருப்படியான பக்தி என்றே சொல்ல வேண்டும். தமிழ் மண்ணிலும் இதன் முன்னோடி உண்டு. வேலூரில் மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கடர், ஒற்றை சிலிண்டர் பெஜோ காரில் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். அந்தக் கார் வந்தது 1909-ல்.

கார் கிடைத்துவிட்டால் ஓட்டத் தெரிய வேண்டும். காகித அளவில் இது கடினமில்லை. 1949-ன் ஜெனீவா ஒப்பந்தப்படி சொந்த நாட்டில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். உகாண்டாவில் ஆங்கிலேயர் வழக்கப்படி இடப்பக்க ஓட்டம்; தெற்கே எல்லையைத் தாண்டி ருவாண்டாவுக்குள் நுழைந்தால் வலப்பக்கம். சூடான் 1973-ல் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தவர் சில நாள் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டு, வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்புவார், அவ்வளவுதான்.

பழகாதது வேறு. காலை ஏழரை மணிக்கு ஜிஞ்சா சாலையிலிருந்து கம்பாலாவுக்குள் வரும் வரிசையைப் பார்த்தால் புரியும். உகாண்டாவில் 'டாக்ஸி' என்றால் பதினான்கு பேர் உட்காரும் வெள்ளை மினிபஸ், பக்கவாட்டில் நீலக் கட்டம் போட்ட பட்டை. கண்டக்டர் கதவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி ஊர்ப் பெயரைக் கூவுகிறார். ஆள் கை காட்டிய இடமே நிறுத்தம். இடுக்குகளில் போடா-போடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிள்கள் புகுந்து வருகின்றன. கென்யா எல்லையில் உள்ள புசியாவில், 1960-களில், ஒரு எல்லைச் சாவடியிலிருந்து மறு சாவடிக்குச் சைக்கிளில் ஆளேற்றியவர்கள் கூவிய 'பார்டர், பார்டர்' என்ற ஆங்கிலச் சொல்தான் அந்தப் பெயராகத் தேய்ந்தது என்பார்கள். புதிதாக வந்தவர் தம் ஊர்ப் பயிற்சிப் பள்ளியில் கற்றபடி முன்வண்டிக்கும் தமக்கும் நடுவே ஒரு கார் நீளம் இடம் விடுகிறார். அவருக்கு அது பாதுகாப்பு. சாலையில் உள்ள மற்றவர்களுக்கு அது அழைப்பு. மூன்று போடா உடனே அந்த இடத்தில் வந்து நிற்கும், நான்காவதாக ஒரு டாக்ஸி மூக்கை நுழைக்கும். அவர் மறுபடி இடம் விடுவார், மறுபடி நிரம்பும். அரை மணியில் அவர் போன தூரம் இருநூறு மீட்டர். பின்னால் நிற்பவர்கள் விடாமல் ஹாரன் அடிப்பார்கள். இவர்களுக்கு விதியே கிடையாது என்ற தீர்ப்பு அந்த நிமிடத்தில்தான் அவர் மனதில் எழுகிறது. அதற்குள் எழுதாத விதி ஒன்றை அவரே நான்கு முறை மீறியிருக்கிறார்.

எழுதாத விதிகள் நெடுஞ்சாலையில் இன்னும் கூர்மையானவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பின்னால் வரும் வண்டிக்கு முன்னே போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டால், பெரும்பாலும் 'எதிரே வண்டி வருகிறது, முந்தாதே' என்று பொருள். இடது இண்டிகேட்டர் போட்டால் வழி காலி. இந்திய நெடுஞ்சாலைகளில் லாரிக்காரர் வலது இண்டிகேட்டரைப் போட்டு 'சரி, ஏறி வா' என்று சொல்வது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒரு குருவோ கன்னியரோ 'நம்ம ஊர் மாதிரிதானே' என்ற தெம்பில் உகாண்டாவின் மசாக்கா சாலையில் இறங்கினால், அந்தத் தெம்பே ஆபத்து. ஐரோப்பியருக்கு அந்த விளக்கு ஒன்றும் சொல்லாது, அதனால் அவர் காத்திருப்பார். நம்மவருக்கு அது நேர் எதிரான சேதியைச் சொல்லும். சாலை வளைவுக்கு முன் தார் மேல் பச்சைக் கிளைகள் முறித்துப் போட்டிருந்தால் அப்பால் ஒரு வண்டி பழுதாகி நிற்கிறது என்பது மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

செம்மண் சாலையின் பாடம் தனி. கனத்த வண்டிகள் ஓடி ஓடி, துவைக்கும் பலகை போலக் குறுக்கே வரி வரியாய் மேடு விழுந்திருக்கும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் பல் ஆடுகிறது, டாஷ்போர்டின் திருகு கழன்று விழுகிறது. எண்பதுக்கு ஏற்றினால் சக்கரங்கள் மேட்டு நுனிகளில் மட்டும் தொட்டுப் பறப்பதால் வண்டி சட்டென்று சாந்தமாகிவிடும். பழகியவர்கள் எல்லாரும் இதைச் சொல்லித் தருவார்கள். சொல்லத் தவறுவது இதன் மறுபாதி: டயர் மண்ணைப் பாதிதான் தொடுகிறது என்பதால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பிடிமானமும் பாதிதான். வளைவில் ஒரு ஆடு வந்தால் தெரியும். ஆட்டம் நின்றுவிட்ட வண்டிதான் அதிகம் கையை மீறிப் போகிற வண்டி என்பதைப் புதியவரின் உடம்பு நம்ப மறுக்கும்.

இந்தப் பாடங்களைச் சொல்லித் தருகிறவர் யார் என்பதில் தொடங்குகிறது இறையியல். மிஷன் வளாகத்தில் மிஷனரி போதகர். ஓட்டுநரோ காவலாளியோ தோட்டக்காரரோ கேட்டுக்கொள்கிறவர். காரில் ஏறியதும் இடம் மாறுகிறது. 'ம்போலா, ம்போலா' என்று, மெதுவாக, மெதுவாக என்ற பொருளில், பக்கத்து இருக்கையிலிருந்து புகாண்டா மக்களின் லுகாண்டா மொழியில் சொல்லுகிறவர் ஆசான் ஆகிறார். லாவிஜெரி தம் குருக்களுக்கு இட்ட கட்டளை, அந்தந்த மக்களின் மொழியைப் பேசு, அவர்கள் உண்பதை உண், அவர்கள் உடுத்துவதை உடுத்து என்பது. சாலை அந்தப் பட்டியலில் இல்லை; 1868-ல் இருக்கவும் முடியாது. ஆனாலும் மொழியைப் போலவே சாலைக்கும் இலக்கணம் உண்டு, அதைப் பேசிப் பிறந்தவர்களிடமிருந்துதான் கற்க முடியும். மொழியில் தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். இங்கே சிரிக்க மாட்டார்கள்.

கற்பதற்கு முன்பே பலரிடம் ஒரு கேடயம் இருக்கிறது: திருப்பாடல் 91. சீர்திருத்த சபையார் வழக்கில் 91-ஆம் சங்கீதம். கடவுளின் நிழலில் தங்குகிறவரை வானதூதர் கைகளில் தாங்கிக்கொள்வார்கள் என்ற உறுதி அதில் உண்டு. கம்பாலாவின் டாக்ஸிகளும் இந்த நம்பிக்கையில் குறைந்தவை அல்ல. கண்ணாடிகளில் கடவுளின் வல்லமையைச் சொல்லும் வாசகமும், அல்லாவின் பெயரும், இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களின் பெயரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கும். ஆனால் நற்செய்தி நூலில் அந்தப் பாடலை மேற்கோள் காட்டுகிறவன் சாத்தான். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் கோவில் உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான். கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்ற இணைச்சட்ட நூலின் விதியைச் சொல்லி இயேசு மறுக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை விதியாகவே வகுத்தார்: தன்னால் செய்யக்கூடியதைச் செய்யாமல், தேவையும் இல்லாமல், கடவுளின் உதவியை மட்டும் எதிர்பார்த்து ஆபத்தில் இறங்குவது கடவுளைச் சோதிப்பது, அது பக்திக்கு எதிரான பாவம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற நபிமொழியை உகாண்டாவின் முஸ்லிம் ஓட்டுநர்களும் அறிவார்கள். டயரின் காற்றைப் பார்த்துவிட்டு ஜெபம் செய்கிற மிஷன் வீடும் உண்டு, ஜெபம் செய்துவிட்டதால் டயரைப் பார்க்காத வீடும் உண்டு. அக்குவினாஸின் கணக்கில் இரண்டாவது வீட்டில் நடப்பது விசுவாசம் ஆகாது.

இங்கே வழக்கமான விவாதம் ஒன்றைத் தவறவிடுகிறது. மிஷனரி தியாகத்தின் மொழியில் வளர்ந்தவர். என் உயிர் கடவுள் கையில் என்பது அவருக்குப் பழகிய வாக்கியம். இரத்தசாட்சியின் இறையியல் முழுவதும் சாட்சி தம் உயிரைக் கொடுப்பதைப் பற்றியது, அடுத்தவரின் உயிரைக் கொடுப்பதைப் பற்றியதல்ல. இரண்டரை டன் லேண்ட் குரூசரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரோ சாலையில் மற்றவர்களைவிட அதிகம் பாதுகாக்கப்பட்டவர். உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். இவர்களில் 92 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். உலக வாகனங்களில் சுமார் 60 சதவீதமே அங்கே ஓடுகின்றன. இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடந்து போகிறவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்கள். உகாண்டா காவல்துறையின் கணக்கில் 2023-ல் மட்டும் 4,806 பேர். இந்தப் புள்ளிவிவரத்தின் முன் 'கடவுள் என்னைக் காப்பார்' என்ற ஜெபத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. எஃகு ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கிறது. ஜெபத்தில் சேர வேண்டியவர் பம்பருக்கு முன்னால் போகிறவர். வத்திக்கான் 2007 ஜூனில் வெளியிட்ட சாலை மேய்ப்புப் பணி வழிகாட்டியும், ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகளாகப் புகழ்பெற்ற அதன் பகுதியில், கொலை செய்யாதே என்பதை முதலில் வைக்கிறது. கார் அதிகாரத்தின் சின்னமாகக் கூடாது என்பதும் அதே பத்தில் ஒன்று. அந்த நாளில் உலகப் பத்திரிகைகள் அதைக் கேலியாகவே எழுதின. கேலிக்குரிய ஆவணம் அல்ல அது.

எளிதில் பிரியாத முடிச்சுகளும் உண்டு. கிராமத்து மிஷனில் கார் என்பது ஆம்புலன்ஸ், சவ வண்டி, கல்யாண வண்டி எல்லாம்தான். பழைய லேண்ட் குரூசரின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு நீளப் பெஞ்சு, பெல்ட் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கிளம்பும்போது பதினெட்டுப் பேர் ஏறியிருப்பார்கள், இன்னும் ஒரு கிழவி கோழியோடு நிற்பார். ஏற்றாவிட்டால் அவர் ஒன்பது கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டும். ஏற்றினால், கவிழ்ந்தால், பத்தொன்பது பேர். அமைப்பின் விதிப்புத்தகம் பெல்ட் உள்ள அளவுக்கே ஆள் என்று சொல்லும். இன்ஷூரன்ஸும் அதையே சொல்லும். நடைமுறையில் பல மிஷன்கள் கண்டிருக்கும் வழி, ஏற்றிக்கொண்டு நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுவது. தூய தீர்வு அல்ல. கிழவியின் கால்வலி நிச்சயம், கவிழ்வது நிச்சயமில்லை என்ற நியாயம் அதன் அடியில் இருக்கிறது. எல்லா விபத்துக்கும் முந்தைய நியாயமும் அதுவேதான்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம், வண்டி யார் மேலாவது மோதிய பின் என்ன செய்வது என்பது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பலர் சொல்லும் அறிவுரை: இறங்காதே, கூட்டம் கூடினால் உயிருக்கு ஆபத்து, நேரே பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போய்ச் சொல். அடித்த ஓட்டுநரை ஊரார் அங்கேயே தண்டித்த சம்பவங்கள் உண்டு என்பதால் இது வெறும் பீதி அல்ல. அறிவுரையைக் கேட்கிறவரோ நல்ல சமாரியன் உவமையை நூறு முறை பிரசங்கித்தவர். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலை சுமார் 27 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் சரிகிறது. வளைவும் பாறையுமாகப் பதுங்க இடமுள்ள வழி. அதில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து ஒதுங்கிப் போன குருவும் லேவியனும்கூட, நின்றால் தமக்கும் அதே கதிதான் என்று அஞ்சியிருக்கலாம். ஆக, பாதுகாப்புப் பயிற்சி சொல்லித் தருவது குருவும் லேவியனும் செய்ததைத்தானே என்று கேட்கத் தோன்றும். உவமையின் ஒரு சிறு விவரம் இங்கே கவனத்துக்கு வருவதில்லை: சமாரியனிடம் வாகனம் இருந்தது. அடிபட்டவனைத் தன் விலங்கின் மேல் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான்.

ஆனால் உவமை முழுப் பதில் ஆகாது. சமாரியன் அந்த மனிதனை அடித்தவன் அல்லன். மோதியவருக்கு விவிலியத்தில் வேறொரு பகுதி இருக்கிறது, அது அதிகம் வாசிக்கப்படுவதில்லை. விறகு வெட்டும்போது கோடரியின் தலை காம்பிலிருந்து கழன்று பக்கத்தில் நின்றவன் மேல் பட்டு அவன் இறந்தால், வெட்டியவன் அடைக்கல நகரங்களில் ஒன்றுக்கு ஓட வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூலின் 19-ஆம் அதிகாரம். இரத்தப் பழி வாங்குகிறவன் கொதிப்போடு துரத்தி வருவான், தூரம் அதிகமானால் பிடித்துவிடுவான் என்று அதே அதிகாரம் வெளிப்படையாகக் கவலைப்படுகிறது. எண்ணிக்கை நூல் ஆறு நகரங்களை ஒதுக்குகிறது. அங்கே விசாரணை உண்டு, வேண்டுமென்றே கொன்றவனுக்கு இடமில்லை. வழிகளைச் சீராக வைக்க வேண்டும் என்றும் கட்டளை இருக்கிறது. குறுக்குச் சாலைகளில் 'அடைக்கலம்' என்று எழுதிய பலகை இருந்தது என்கிறது தால்மூது. ஊராரின் கோபம் நியாயமானது, அந்தக் கோபத்தின் கையில் ஓட்டுநரை விட்டுவிடுவதும் தவறு என்ற இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்த ஏற்பாடு இது. காவல் நிலையத்துக்கு ஓட்டு என்ற அறிவுரை இந்த மரபில் வந்தால் கோழைத்தனம் ஆகாது. அடைக்கல நகரத்துக்கு ஓடியவன் தலைமைக் குரு சாகும்வரை அங்கேயே கிடக்க வேண்டும், வீடு திரும்ப முடியாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வார விமானத்தில் சொந்த நாட்டுக்குப் பறப்பவரை அந்தச் சட்டம் அறியாது.

தவறே செய்யாதவருக்கும் இதில் பங்கு உண்டா என்பதை ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் காட்டிய உதாரணமும் ஒரு லாரி ஓட்டுநர்தான்: தம் மீது எந்தத் தப்பும் இல்லாமல் ஒரு குழந்தையை மோதிவிடுகிறார். வேடிக்கை பார்த்தவரின் வருத்தமும் அந்த ஓட்டுநரின் வருத்தமும் ஒன்றல்ல என்பது வில்லியம்ஸின் வாதம். 'உன் தப்பு இல்லை' என்று நாம் ஆறுதல் சொல்வோம். ஆனால் அவர் உடனே ஆறிவிட்டால் அவரைப் பற்றி நமக்கு ஏதோ உறுத்தும். மிஷன் அமைப்புகளின் நடைமுறை இந்த உறுத்தலோடு நேரடியாக மோதுகிறது. புகாண்டாவில் இறப்பு வீட்டுக்குப் போகிறவர்கள் 'மபுகோ' என்று ஒரு தொகை கொடுப்பார்கள். பிணத்தைச் சுற்றும் மரப்பட்டைத் துணியின் பெயரிலிருந்து வந்த சொல். மோதியவர் தரப்பிலிருந்து யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்றால் ஊர் அதை மறக்காது. வக்கீலோ, போகாதே, பணம் கொடுக்காதே, அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்பார். உள்ளூர்ச் சபைப் பெரியவர் ஒருவரை முன்னே அனுப்பி, பிறகு அவரோடு போவது நடைமுறையில் கண்ட நடுவழி. இந்த இடத்தில் வக்கீலின் பேச்சைவிடப் பெரியவரின் பேச்சைக் கேட்பதே சரி; அடைக்கல நகரச் சட்டத்திலும் செத்தவனின் வீட்டாரை மறந்துவிட வழி இல்லை.

போலீஸ்காரர் 'சாய்' என்று சொல்லிக் கைநீட்டிப் பணம் கேட்பது இதோடு ஒப்பிட்டால் சில்லறைப் பிரச்சினை, ஆனால் மிஷனரிகளின் பேச்சில் அதிக நேரம் பிடிப்பது அதுதான். ஒழுக்கவியல் மரபு, சலுகை வேண்டிக் கொடுக்கும் லஞ்சத்தையும், உரிமையைத் தடுத்து வைத்துப் பிடுங்கும் பணத்தையும் பிரித்தே பார்த்திருக்கிறது; பிடுங்கப்பட்டவர் குற்றவாளி அல்ல. இன்ஷூரன்ஸ் காலாவதியான வண்டியை ஓட்டிக்கொண்டு இந்த வேறுபாட்டைப் பேச முடியாது என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும். ரசீது கேட்டு, ஓரமாக நிறுத்தி, அரை மணி காத்திருக்கப் பொறுமை உள்ளவரைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்த அரை மணியில் சாலையோரம் நிறுத்தப்பட்ட மற்றவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள். காத்திருக்க முடிவதும் வெளிநாட்டுக்காரரின் வசதிகளில் ஒன்று.

வண்டி ஓட்டவே வேண்டுமா என்ற கேள்வியும் மிஷன் சிந்தனைக்குள்ளிருந்தே எழுந்திருக்கிறது. 1960-களில் ஜப்பானிலிருந்து வடக்குத் தாய்லாந்துக்கு மிஷனரியாகப் போன இறையியலார் கோசுகே கொயாமா, பின்னாளில் 1979-ல் வந்த தம் நூலுக்கு மணிக்கு மூன்று மைல் கடவுள் என்ற பொருளில் பெயர் வைத்தார். மனிதன் நடக்கும் வேகம் மூன்று மைல். அன்பின் வேகமும் அதுதான் என்பது அவர் கருத்து. தாய்லாந்து உழவர்களின் எருமைகளைப் பார்த்து வளர்ந்த இறையியல் அவருடையது. காரில் போகிற மிஷனரி ஊரைக் கடக்கிறார், நடக்கிறவர் ஊருக்குள் நுழைகிறார் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிரசவ வலியில் இருப்பவளுக்கு மணிக்கு மூன்று மைல் போதாது. ஓட்டோ ஃபூர்மானுக்கும் போதவில்லை. கொயாமாவின் வாதம் காரை விற்கச் சொல்லவில்லை, காரில் வந்த சேதி எந்த வேகத்தில் பேசப்படுகிறது என்று கேட்கிறது. கேள்வியைக் கொஞ்சம் கீழே இறக்கி ஓட்டுநர் இருக்கைக்கே கொண்டுவரலாம். கம்பாலாவில் ஓட்டப் பழகியவர்கள் சொல்லும் முதல் மாற்றம், வேகமாக ஓட்டக் கற்றதல்ல, பக்கத்து வண்டிக்காரரின் கண்ணைப் பார்க்கக் கற்றது. சந்திப்பில் விளக்கு எரியாதபோது யார் முதலில் போவது என்பது இரண்டு ஜோடிக் கண்களுக்குள் முடிவாகிறது. கறுப்புக் கண்ணாடி ஒட்டி, குளிர்சாதனம் போட்டு, ஜன்னலை ஏற்றிவிட்டவருக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

பல சபைகள் இன்று வேறு தீர்வுக்குப் போய்விட்டன: முதல் ஆறு மாதமோ ஓராண்டோ புதியவர் ஓட்டக் கூடாது, உள்ளூர் ஓட்டுநர்தான். விபத்து குறையும், ஆனால் ஆபத்தைச் சம்பளம் கொடுத்து வேறொருவர் தலையில் ஏற்றியதாகவும் ஆகலாம், அதுவும் இரவில், களைப்போடு, 'நாளைக் காலை கூட்டம் இருக்கிறது' என்று முதலாளி அவசரப்படுத்தும்போது. ஹானிங்டனின் சுமைதூக்கிகள் நின்ற இடம் அது. இருட்டிய பின் நெடுஞ்சாலையில் போவதில்லை என்ற விதியை ஓட்டுநரே முதலாளிக்குச் சொல்லலாம், சொன்னால் வேலை போகாது என்று எழுதி வைத்திருக்கும் மிஷன்கள் இந்த இடத்தைக் கவனித்தவை.

லுகாண்டாவில் வேலை செய்கிற யாருக்கும், அந்த வேலையின் பெயரைச் சொல்லியே நன்றி சொல்வார்கள். தோட்டத்தில் கொத்துகிறவருக்குக் கொத்தியதற்கு நன்றி, சமைத்தவருக்குச் சமைத்ததற்கு நன்றி. வண்டி வந்து நின்று எஞ்சின் அணைந்ததும், பின்பெஞ்சிலிருந்து கோழியோடு இறங்குகிற கிழவி, ஓட்டியவர் பக்கம் திரும்பி 'வெபாலே குவுகா' என்பார்: ஓட்டியதற்கு நன்றி. ஓட்டியவர் மிஷனரியா, சம்பளத்துக்கு வந்தவரா என்று அவர் பார்ப்பதில்லை.